ஓரத்தைப் பிடித்து நின்றவை

எங்கள் மும்பை ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் வந்துவிட்டது என்று தீபிகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் அவள். பாண்டுப்பில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, தினமும் செம்பூருக்கு வருகிறாள். "ஆண்ட்டி, ஏக்தம் மஸ்த் மெஷின், வந்து பாருங்க" என்றாள். போனேன். பஸ் பாஸ் அளவில் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதில் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டு இயந்திரத்தில் சொருகினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் டீ குடிக்கப் போகலாம்.

ஐயோ நாம் கையால் செய்ததெல்லாம் போச்சே என்று நான் மூக்கைச் சிந்துவேன் என்று அந்தப் பெண் எதிர்பார்த்தாளோ என்னவோ. எனக்கு வயிறு குளிர்ந்தது. சிப்புக்குள் சிக்கிய காற்றுக்குமிழியை வெளியே எடுத்தே என் பாதி ஆயுள் போனது. இந்தத் தகட்டில் குமிழியே வராதாம். கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்போதுதான் அவள் கேட்டாள்: "ஆண்ட்டி, ஸிங்க்குக்கு மேல ஆணியில ஒரு பழைய தோல் பை தொங்குதுல்ல, அதைத் தூக்கிப் போட்டுறலாமா?"

"போட்டுப் பாரு, கையை உடைக்கேன்" என்றேன்.

"அப்ப அது என்னன்னு எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க அரைமணி ஆகும். அவள் அம்மா படித்துச் சொல்வாளாம். சரி, அம்மா, கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.

என் பெயர் இசக்கியம்மாள். பிறந்தது வளர்ந்தது தாராவியில். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலையில் சேர்ந்தேன். கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு அங்கே விஞ்ஞானியாக இருந்த பார்வதி மேடம் என்னைத் தன் அறைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுப் பூர்வீகம். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நீ கழுவின பீக்கர்ல உப்பே இருக்காது, இசக்கி" என்றார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எங்கள் வேலைக்கு டைஎலக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சோதனையே முடிந்துவிடும். விஷயம் என்னவோ சுலபம்தான். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தங்கத்தில் மெல்லிய கோடுகள், இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது போல. அதற்கு மேல் சிலிக்கான் ரப்பரில் வார்த்த தலைமுடி அளவு வாய்க்கால். இதைத்தான் சிப் என்போம். தங்கக் கோடுகளில் மாறுமின்சாரத்தைக் கொடுத்து, வாய்க்காலில் செல்களை மிதக்க விட வேண்டும். கோட்டின் ஓரத்தில் மின்புலம் பலமாக இருக்கும், நடுவில் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தால் சில செல்கள் ஓரத்துக்கு இழுக்கப்படும், சில விலக்கித் தள்ளப்படும். எது ஒட்டும், எது போகும் என்பது அந்தச் செல்லின் தோலையும், நாம் கொடுக்கிற மின்சாரத்தின் அதிர்வெண்ணையும் பொறுத்தது. அதிர்வெண்ணை மாற்றுகிற குமிழைத் திருப்பினால் ஒட்டியது போகும், போனது ஒட்டும். செல்லை யாரும் தொடுவதில்லை, சாயம் போடுவதில்லை, நோகடிப்பதில்லை. முதல்முறை பார்த்தபோது தாதர் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிலர் நிற்க, மற்றவர்கள் கூட்டத்தோடு அடித்துக்கொண்டு போவதுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கு ஒரே ஒரு எதிரி உண்டு. உப்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் தண்ணீர் வழியாகவே ஓடிவிடும். சூடாகும், குமிழி கிளம்பும், செல்கள் சொன்னபேச்சு கேட்காது. ஆனால் வெறும் தண்ணீரில் போட்டால் செல் ஊதி வெடித்துவிடும். அதனால் சர்க்கரைத் தண்ணீரில் மிதக்க விடுவோம். மும்பையில் சர்க்கரைத் தண்ணீரை வைத்துக்கொண்டு எறும்போடு குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இந்த ஊர் வேர்வைக்கு விரல் நுனியே உப்பளம். எனவே மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சிப்பைத் தொடும் முன் யாராக இருந்தாலும் கையைக் கழுவி, பிறகு ஒரு கிண்ணம் சுத்தத் தண்ணீரில் விரல்களை முக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் மின்கடத்தல் மீட்டரை வைத்துப் பார்ப்பார். முள் ஏறினால் மறுபடி கழுவ வேண்டும். பாஸான பிறகுதான் கையுறை. கையுறை போடுகிறோமே, அப்புறம் எதற்கு இது என்று கேட்டால், "கையுறையை எடுத்து மாட்டறது எந்தக் கை?" என்பார். டில்லியிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, வெளியே மிர்ச்சி பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு நேராக உள்ளே வந்தார். மேடம் அவருக்கும் கிண்ணத்தை நீட்டினார். மீட்டர் எகிறியது. மனிதர் சிரித்துக்கொண்டே மூன்று தடவை கழுவினார். மேடமும் கூடவே நின்று தன் கையையும் மறுபடி முக்கிக் காட்டினார், அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று. அப்படி ஒரு மனுஷி.

இன்னொரு வழக்கம், ஈஸ்ட். எந்த ரத்த மாதிரியை ஓட்டுவதற்கு முன்னாலும் சிப்பில் முதல் ஓட்டம் ஈஸ்ட்டுக்குத்தான். ஸ்டேஷன் பக்கம் பாவ் சுடுகிற பேக்கரியில் வாங்கி வருவேன். பாதியைக் கொதிக்க வைத்துச் சாகடித்து, மீதி உயிருள்ளதோடு கலந்து விட வேண்டும். உயிருள்ளது மட்டும் தங்கக் கோட்டின் ஓரத்தில் வந்து முத்துக் கோத்த மாதிரி வரிசையாக நிற்கும். செத்தது தோல் ஓட்டையாகிப் போனதால் பிடிப்பே இல்லாமல் நீரோடு போய்விடும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் சிப் சரியாக இருக்கிறது என்று மேடம் நம்புவார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர் இதை விட்டதில்லை. எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட வரும், வேறு வேலை இல்லையா இந்த அம்மாவுக்கு என்று.

மேடத்தின் வாயில் 'வராது', 'போச்சு', 'அவ்வளவுதான்' இவை மூன்றும் வந்து நான் கேட்டதில்லை. நாங்கள் யாராவது சொன்னால், "இன்னும் பாக்கலையே" என்பார். அதைச் சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு முன் உட்கார்ந்துவிடுவார்.

இப்போது தோல் பைக்கு வருகிறேன்.

ஒரு மழைக்காலத்தில், எங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஒருவர் மேடத்துக்குப் போன் செய்தார். மைமூன் என்று ஒரு அம்மா, நுரையீரலில் புற்றுநோய். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. உடம்பு மிகவும் நலிந்துவிட்டது. வழக்கமான கடும் மருந்து கொடுத்தால் தாங்க மாட்டார். புற்று செல்லில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால் மட்டும், தினம் ஒரு மாத்திரையில் நோயை அடக்கி வைக்கலாம். அது இருக்கிறதா என்று பார்க்கத்தான் முன்பே கோத்த நீரை எடுத்து அனுப்பினார்கள். அதில் முழுக்க ரத்தச் செல்தான், புற்று செல் போதவில்லை என்று சோதனை திரும்பி வந்துவிட்டது. இப்போது கடைசியாக இன்னொரு முறை எடுத்திருக்கிறார்கள். இனி ஊசி குத்தி நீர் எடுக்க அந்த உடம்பில் தெம்பில்லை. உங்கள் சிப்பில் ஓட்டிப் புற்று செல்லை மட்டும் பிரித்துக் கொடுங்கள் என்றார் டாக்டர்.

நம் ஊரில் ரத்தமோ சதையோ சொந்தக்காரர் கையில்தான் ஆய்வகத்துக்குப் போகும். மைமூனின் கணவர் சாகுல் பாய் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவர், எங்கள் பூர்வீகமான திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சயானில் தண்ணீர் தேங்கி டாக்ஸி நின்றுபோய், முழங்கால் வரை நனைந்து வந்து சேர்ந்தார். நெஞ்சோடு ஒரு தெர்மகோல் பெட்டி. அது மட்டும் நனையவில்லை.

"ரொம்ப நேரமாயிட்டோ பாய்?" என்றேன்.

"நேரம் ஆனா என்ன யம்மா, குளிரு கொறையல. சூடு படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாவ. அதான் நம்ம குல்ஃபிக்காரன்ட்ட சொல்லி, ஐஸுல நல்லா உப்பக் கொட்டி அடச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி வெளிய ஒழுகல, பாருங்க!" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

எனக்குப் பகீரென்றது. உப்புப் போட்ட ஐஸ் சாதா ஐஸை விட எத்தனையோ மடங்கு குளிரும். குல்ஃபியை உறைய வைப்பதே அதுதான். குளிர்ச்சியாக இருக்க வேண்டிய குழாயை இந்த மனிதர் குல்ஃபி ஆக்கிக் கொண்டு வந்திருக்கிறார். உறைந்தால் செல்லின் தோல் கிழிந்துவிடும். செத்த செல் எங்கள் சிப்பில் ஒட்டாது. பெட்டியைத் திறந்து, ஐஸுக்கு நடுவே நின்ற ஒரு தோல் பையிலிருந்து குழாயை உருவினேன். குழாயின் மேல்பாதி வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது.

"என்ன பாய் இப்படிச் செஞ்சிட்டீய!" என்று கத்திவிட்டேன். "ஐஸ்னு சொன்னா ஐஸ்தான வைக்கணும்! உப்ப யாரு போடச் சொன்னா? எல்லாம் செத்திருக்குமே!" இப்போது நினைத்தாலும் கத்தத்தான் தோன்றுகிறது. அந்த மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்து, "நானே கெடுத்துட்டேனா... நானேவா?" என்றார்.

நான் கையிலிருந்த குழாயை வழக்கம்போல ஒரு முறை குப்புறக் கவிழ்த்துக் கலக்கப் போனேன். எந்த மாதிரி வந்தாலும் முதல் வேலை அதுதான், கை தானாகச் செய்யும்.

"இசக்கி, கலக்காதே." மேடத்தின் குரல். சத்தம் போடவில்லை. வந்து என் கையிலிருந்து குழாயை நேராக நிற்கிற வாக்கிலேயே வாங்கித் தாங்கியில் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கோ பாய். ஆஸ்பத்திரியில குழாயைக் கையில வாங்கினதுலேர்ந்து என்னென்ன பண்ணினேள், ஒண்ணு விடாம சொல்லுங்கோ" என்றார். உள்ளே ஒவ்வொரு நிமிஷமும் செல் செத்துக்கொண்டிருக்கும்போது இந்த அம்மா கதை கேட்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சாகுல் பாய் தட்டுத் தடுமாறிச் சொன்னார். முந்தின நாளே குழாயின் அளவைக் கேட்டுக்கொண்டு போய், அதற்கென்று ஒரு பை தைத்தாராம். கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்று உள்ளே ஷூவுக்குப் போடுகிற பஞ்சு வைத்தாராம். பையை நிமிர்த்தி நடுவில் வைத்துச் சுற்றி ஐஸை அடைத்தாராம்.

"பையைக் குடுங்கோ" என்று வாங்கி, மேடம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "அடிப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு தடியா இருக்கு?"

"அடிதாம்மா மொதல்ல தேயும். எந்தப் பை தைச்சாலும் அடிக்கு ரெட்டத் தோலு, ரெட்டப் பஞ்சு போட்டிருவோம். கை அப்படியே பழகிட்டு."

"வழியில பெட்டியைச் சாய்ச்சேளா?"

"சாய்க்கவே இல்லம்மா. மடியிலதான் வச்சிருந்தேன். மூச்சு விடக்கூட யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நிற்கிற குழாயில் செல்கள் கனத்தால் அடியில் போய்த்தான் படியும். மழை, டிராஃபிக் என்று இவ்வளவு நேரம் அசையாமல் வந்ததால் பெரும்பாலானவை அடியில்தான் இருக்கும். அந்த அடிக்குத்தான் இரட்டைத் தோல். மேலே உறைந்தது பெரும்பாலும் வெறும் நீர். நான் மட்டும் அதைக் கவிழ்த்துக் கலக்கியிருந்தால் மேலே கிழிந்த செல்லின் உப்பும் குப்பையும் அடியில் இருந்ததோடு சேர்ந்து எல்லாம் நாசமாகியிருக்கும்.

"உங்க பை காப்பாத்தியிருக்கலாம், பாய்" என்றார் மேடம். "இன்னும் பாக்கலை. பாத்துட்டுச் சொல்றேன்."

அடியிலிருந்து ஒரு மெல்லிய பிப்பெட்டால் மேடமே உறிஞ்சி எடுத்தார். மேலே இருந்த பனியை அசைக்கவே இல்லை. ஒரு சொட்டில் நீலச் சாயம் போட்டுப் பார்த்தோம். செத்தது நீலமாகும், உயிருள்ளது வெள்ளையாக இருக்கும். நிறைய நீலம். அங்கங்கே வெள்ளை. மாதிரியைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்தோம். மீட்டரை வைத்தோம். முள் ஏறியது. உடைந்த செல்லின் உப்பு. இன்னும் சர்க்கரைத் தண்ணீர் சேர்த்தோம். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சர்க்கரைத் தண்ணீரில் ரொம்ப நேரம் விட்டாலும் செல் பலவீனமாகிவிடும். அதனால் கேட்டேன்:

"மேடம், இன்னிக்காவது ஈஸ்ட்ட விட்டுருவோமா?"

"கூடாது. மறுபடி எடுக்க முடியாத மாதிரியாக்கும் இது. இன்னிக்குத்தான் சிப் பொய் சொல்லப்படாது."

கையை முக்கினோம். ஈஸ்ட்டை ஓட்டினோம். உயிருள்ளது ஓரத்தில் வந்து நின்றது, செத்தது போனது. வாய்க்காலைச் சர்க்கரைத் தண்ணீரால் கழுவிவிட்டு, மைமூனின் சொட்டை உள்ளே விட்டோம்.

முதலில் எல்லாமே போயின. சிவப்பணு, வெள்ளையணு, செத்தது, எல்லாம் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. ஓரம் காலியாகவே இருந்தது. நான் 'போச்சு' என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினேன். மேடம் குமிழைத் திருப்பினார். இத்தனை மெதுவாக ஒரு மனிதக் கை அசைய முடியுமா என்று தோன்றுகிற மாதிரி திருப்பினார். திருப்பும்போது திரையைத்தான் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை. கொஞ்சம் திருப்பி நிறுத்துவார், பார்ப்பார், மறுபடி கொஞ்சம்.

ஒன்று நின்றது. மற்றவற்றை விடப் பெரியது, உருண்டையாக, தங்கக் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தில் நடுங்கியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னும் சில. சிவப்பணுக்கள் அவற்றை உரசிக்கொண்டு போனபடியே இருந்தன, இவை அசையவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கையுறையோடு துடைக்கக் கூடாது என்று அப்படியே விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே போனேன். சாகுல் பாய் கையேந்தி துவா கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"உசுரோட இருக்கு பாய்!" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "எது உசுரோட இருக்கு?" என்றார்.

"புத்து செல்லுதான்."

"அது உசுரோட இருக்கணும்னா யம்மா நான் இவ்வளவு நேரமா அல்லாட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்?" என்று தலையில் கை வைத்தார். பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் மறுபடி அழுதார்.

ஓரத்தில் சேர்ந்ததை எல்லாம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். இந்த முறை நானே கூடப் போனேன், உப்பில்லாத ஐஸோடு. குழாயை சாகுல் பாயின் பையிலேயே வைத்தேன். சோதனைக்குப் போதுமானது இருந்தது. அந்த மரபணு மாற்றமும் இருந்தது. மாத்திரை தொடங்கினார்கள். அதன் பிறகு எந்த மாதிரி வந்தாலும் சாகுல் பாய் தைத்த பையில்தான் வரும். அவரே எங்களுக்கென்று தைத்துக் கொடுத்தார், எல்லாவற்றுக்கும் அடியில் இரட்டைத் தோல். ஆணியில் தொங்குவது அந்த முதல் பை. தீபிகா, இப்போது புரிந்ததா?

சில மாதம் கழித்து மைமூன் வந்தாள். வீட்டுக்காரர் கையைப் பிடிக்க வந்தபோது தட்டிவிட்டு, மாடிப்படியில் தானே ஏறி வந்தாள். இன்றைக்கும் மாத்திரையில்தான் இருக்கிறாள், என்னோடு போனில் பேசுவாள். அன்றைக்கு மேடம் அவளை மைக்ராஸ்கோப்புத் திரைக்கு முன் உட்கார வைத்து, பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் தங்கக் கோடு. அதன் ஓரத்தைப் பிடித்து அவளுடைய செல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"இதா?" என்றாள் மைமூன். "இதுக்கா இவ்வளவு பாடு?"

"இதுதான்" என்றார் மேடம்.

அவள் கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்தாள். "என்னா பிடிவாதம் பாருங்க. விடவே மாட்டேங்குதே."

"இருங்கோ" என்றார் மேடம். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எல்லாம் சேர்ந்த பிறகு, அவற்றை வெளியே எடுக்க நாங்கள் மின்சாரத்தை நிறுத்தின இடம் வந்தது. நிறுத்தியதும் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே சமயத்தில் கைவிட்டன. தண்ணீரோடு மெல்ல நகர்ந்து, திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டன. தங்கக் கோடு மட்டும் இருந்தது.

மைமூன் காலியான திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாகுல் பாய் அவள் தோளில் கை வைத்தார். இந்த முறை அவள் தட்டிவிடவில்லை.

"அந்த எடத்த மட்டும்," என்றாள், "இன்னொரு தடவ போடுங்கம்மா."

மேடம் போட்டார். அவள் போதும் என்று சொல்கிறவரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார்.